நிலம், அரிசி, பந்தி, பதவி: திருநெல்வேலித் திருச்சபையின் விழுமியங்கள்



திருச்சபையின் விழுமியங்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். அன்பு, மன்னிப்பு, நீதி, சமாதானம் என்று ஒரு பட்டியல் சொல்லலாம். அதை எந்தச் சபையும் மறுக்காது. ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் எல்லாச் சபைகளும் இவற்றை அச்சிடுகின்றன. ஒரு சபை உண்மையில் எதை மதிக்கிறது என்று தெரிந்துகொள்ள, நான் நான்கு கேள்விகளைக் கேட்பேன். கைக்கு நிலம் வந்தபோது அது யாரைக் குடிவைத்தது? பானையில் அரிசி குறைவாக இருந்தபோதும் யாருக்கு எடுத்துவைத்தது? பந்தியில் யாருக்குப் பக்கத்தில் யாரை உட்காரவைத்தது? பதவியை யாரிடம் கொடுத்தது? இந்த நான்குக்கும் ஒரு சபை தரும் விடைதான் அதன் விசுவாசப் பிரமாணத்துக்கு உரை.

இந்தக் கேள்விகளை நான் திருநெல்வேலித் திருச்சபையிடம் கேட்கிறேன். என்னை வளர்த்த சபை அது. பெருமைப்படவும் வருந்தவும் அதில் எனக்கு உரிமை உண்டு.

1. நிலம்

பாளையங்கோட்டையில் இந்தச் சபைக்கு வித்திட்டவர் ஒரு விதவைப் பெண். தஞ்சையிலிருந்து வந்த மராட்டிய பிராமணக் குடும்பத்தவர். கம்பெனிப் படையின் ஆங்கில அதிகாரி ஒருவரோடு வாழ்ந்த காரணத்தால், அந்தப் பெண் கேட்டபோது மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுக்கத் தயங்கினார். அந்த அதிகாரி இறந்தபின், 1778இல், ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா ஆனார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் இருந்தன. அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இன்றும் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றுதான் மக்கள் சொல்கிறார்கள். சாதியும் சமூகமும் தள்ளிவைத்த ஒரு பெண்தான் இந்தச் சபையின் முதல் மூப்பர் என்று சொன்னால் அது மிகையாகாது.

அடுத்த தலைமுறையில் சபை தெற்கே பனங்காட்டுக்குள் போனது. தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் தம் உறவினரிடமும் ஊராரிடமும் பிரசங்கித்தார். விசுவாசத்தை ஏற்றவர்கள் பெரும்பாலும் பனையேறிகள். மிராசுதாரின் நிலத்தில் குடியிருந்து, அவர் தயவில் பிழைத்தவர்கள். கோயில் வரியும் வெட்டி வேலையும் மறுத்தால் குடிசை போகும், கிணறு மறுக்கப்படும், ஜெப வீடு இடிக்கப்படும். விசுவாசத்தைக் காப்பாற்றக் காலூன்ற ஓர் இடம் வேண்டியிருந்தது. சாத்தான்குளத்துக்கு அருகே நிலம் விலைக்கு வாங்கி, துன்புறுத்தப்பட்ட குடும்பங்களை 1799இல் அங்கே குடியேற்றினார்கள். அதற்கு முதலூர் என்று பெயர். சபை எழுப்பிய முதல் ஊர் அது. அடைக்கலம் கொடுப்பதற்காகவே அந்த ஊர் பிறந்தது.

பின்பு பல ஆண்டுகள் திருநெல்வேலியில் ஐரோப்பிய மிஷனரி எவரும் நிலையாகத் தங்கவில்லை. கொள்ளைநோய் வந்தது, கலகங்கள் வந்தன. 1816இல் பாளையங்கோட்டைப் படைக்குக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப், தெற்கே போய்ப் பார்த்தபோது முதலூரிலும் நாசரேத்திலும் விசுவாசிகள் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் இருந்ததால் சபை இருந்தது. சொந்த நிலத்தில் நின்று தமிழ் உபதேசிமார் அதைக் காத்தார்கள்.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் இதை நன்றாகப் புரிந்துகொண்டார். 1830இல் அவர் காலத்தில் தர்ம சங்கம் தோன்றியது. உபதேசிமாரும் விசுவாசிகளும் காசு சேர்த்து, நிலம் வாங்கி, இடர்ப்பட்டவர்களைக் குடிவைப்பது அதன் வேலை. பிரஷ்யாவின் டோனா பிரபு அனுப்பிய பணத்தால் ஓர் ஊர் எழுந்தது, அதுதான் டோனாவூர். இந்த ஊர்களில் தெரு நேராக இருந்தது, கிணறு எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. பெரும்பாலான ஊர்களில் ஜெப வீடே பகலில் பள்ளிக்கூடம். அதுவரை பாளை பிடித்த கைகள் சிலேட்டுக் குச்சி பிடிக்கக் கற்றன. ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் படித்தார்கள்.

டோனாவூரின் கதை அங்கே முடியவில்லை. அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901இல் அந்த ஊரில் வேலை தொடங்கினார். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த பெண்குழந்தைகள் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். 1951இல் இறக்கும்வரை அவர் தாய்நாடு திரும்பவில்லை. தம் கல்லறைமேல் பெயர்ப்பலகை வேண்டாம் என்றார். குழந்தைகள் அங்கே பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, அம்மை என்று மட்டும் பொறித்தார்கள். மிராசுதாரிடமிருந்து தப்பி வந்தவர்களுக்காக வாங்கிய மண், முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு குழந்தைகளுக்கு அடைக்கலமானது. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பார்வையற்றோருக்காகத் தொடங்கிய பள்ளியும், அதே பத்தாண்டில் ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் செவித்திறன் அற்றோருக்காகத் தொடங்கிய பள்ளியும் இதே வழியில் வந்தவை.

சபையின் நிலம் அடைக்கலத்துக்கு உரியது. இது நம் முன்னோர் எழுதிவைத்த பத்திரத்தில் இல்லாவிட்டாலும், அவர்கள் வாழ்ந்து காட்டிய ஷரத்து.

2. அரிசி

நம் முன்னோரை அரிசிக் கிறிஸ்தவர்கள் என்று ஏளனம் செய்தார்கள். 1876–78 பெரும் பஞ்சத்தின்போது இந்தப் பேச்சு அதிகமானது. அந்த நாட்களில் மிஷனரிகளான கால்டுவெல் ஐயரும் சார்ஜென்ட் ஐயரும் நிவாரண வேலை செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காக வந்தவர்கள் கஞ்சி கிடைத்ததும் போய்விடுவார்கள் என்று ஊர் சொன்னது. சிலர் போகவும் செய்தார்கள். பசித்தவன் உணவு இருக்கும் பக்கம் திரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவனுக்கு உணவு கொடுத்ததற்காக வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

அந்த ஏளனத்துக்கு மறுமொழி சொன்னவர்கள் நம் வீட்டுப் பெண்கள். உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். ஒரு வேளைக்கு ஒரு பிடி. வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். பிடி அரிசிக் காணிக்கை என்பது அதுதான். இதில் கணவரிடம் காசு கேட்க வேண்டியதில்லை, படித்திருக்க வேண்டியதில்லை, மிச்சம் இருக்க வேண்டியதுமில்லை. வீட்டில் எல்லோரும் உண்ணும் உணவிலிருந்தே அது எடுக்கப்படுகிறது. அரிசி வாங்கியவர்கள் என்று யாரைச் சொன்னார்களோ, அவர்கள் அரிசி கொடுப்பவர்கள் ஆனார்கள்.

பண்டிகை நாளில் கோயில் வாசலில் நடக்கும் ஏலத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். முதல் காய்த்த முருங்கைக்காய், முதல் முட்டை, கோழி, கருப்பட்டிச் சிப்பம் எல்லாம் காணிக்கையாக வரும். முருங்கைக்காய்க் கட்டு சந்தை விலையைப் போல் பல மடங்குக்குப் போகும். எடுத்தவர் அதையே மறுபடி காணிக்கையாகக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வார். பொருளின் விலையைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. தோட்டம் இல்லாதவருக்கும் ஒரு முட்டை கொடுக்க இடம் இருக்கிறது என்பதே அந்த ஏலத்தின் அழகு.

இந்தப் பிடி அரிசி எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு சான்று. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. சா. அசரியா, 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்திலேயே வேறிடங்களில் ஊழியம் நடத்துவதைப் பார்த்தார். திருநெல்வேலிக்கு ஏன் இது முடியவில்லை என்று ஊர் திரும்பிக் கேட்டார். 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. அன்றைய தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதிக்கு அவர்கள் ஊழியரை அனுப்பினார்கள். 1905இல் செராம்பூரில் தேசிய மிஷனரிச் சங்கம் உருவானபோதும் அசரியா முன்னின்றார். பின்பு அவர் ஆயராக இருந்த தோர்ணக்கலில், நிலமற்ற மாலா, மாதிகா மக்களும் பிடி அரிசி எடுத்துவைக்கப் பழகினார்கள். வாங்கிய கை கொடுக்கும் கையாக மாறும்போது ஒரு மனிதன் நிமிர்கிறான். கொடைக்குச் சபை கொடுக்கும் மதிப்பு இதனால்தான்.

3. பந்தி

நிலத்திலும் அரிசியிலும் பெருமையாகப் பேசிய நான், பந்திக்கு வரும்போது குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கிறது.

ரேனியஸ் தம் விடுதி மாணவர்களைச் சாதி பாராமல் ஒன்றாக உண்ணச் சொன்னபோது, சிலர் விடுதியை விட்டே போனார்கள். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சையில் அதை ஏற்காமல் பலர் சபையை விட்டு விலகினார்கள். நம் மாவட்டத்து வடக்கன்குளத்தில், கத்தோலிக்கர்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயம் இரண்டு கூடங்கள் கொண்டது. பீடம் ஒன்று, அதை நோக்கி இரு சாதியார் இரு கூடங்களில் நின்றார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தடுப்பு அகற்றப்பட்டது. அந்த விவகாரம் வழக்குமன்றம் வரை போனது. அதே ஊரில் 1745இல் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம் பிள்ளை, தாழ்த்தப்பட்டவர்களோடு கலந்து பழகியதற்காகவும் பழி சுமந்தவர். 2022இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். ஒரே ஊருக்கு அந்தப் புனிதரும் உண்டு, அந்தச் சுவரும் உண்டு. நம் வரலாறு இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

வெள்ளைக்காரர் மேசையும் இந்தக் குற்றத்துக்கு விலக்கல்ல. 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. இந்தியாவிலிருந்து போன அசரியா அங்கே எழுந்து, மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொன்னார். அதோடு நிறுத்தவில்லை. எங்களுக்காக உயிரைக் கொடுக்கிறீர்கள், ஆனால் எங்களை நண்பர்களாக நடத்துவதில்லை, எங்கள் வீட்டுக்கு வருவதில்லை, உங்கள் வீட்டுக்கு அழைப்பதில்லை என்ற பொருளில் பேசினார். மாநாட்டில் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்த மாநாட்டின் உரைகளில் இன்றுவரை நினைக்கப்படுவது அதுதான். தர்மம் செய்வது எளிது. சமமாக உட்காருவது கடினம் என்று அவர் உலகத்துக்குச் சொன்னார்.

இதற்கெல்லாம் நம் மண் கண்ட மருந்து ஒன்று உண்டு. அசனம்! ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தைய இரவு முழுக்கக் காய் நறுக்குவார்கள். வீட்டுக்கு வீடு அரிசியும் தேங்காயும் வரும். மறுநாள் வாலிபர்கள் வாளியும் அகப்பையுமாக ஓடி ஓடிப் பரிமாறுவார்கள். ஊரில் உள்ள இந்துக்களும் இஸ்லாமியரும் உரிமையோடு வந்து சாப்பிடுவார்கள். பலர் அரிசியும் கொடுப்பார்கள். டாக்டரும் தோட்டக்காரரும் ஒரே வரிசையில் இலை போட்டு உட்காருவார்கள். பிரசங்க பீடத்தில் வருஷம் முழுக்கச் சொல்லும் சத்தியத்தை அந்த ஒரு மதியம் கண்ணுக்கு முன் காட்டிவிடும்.

ஆனால் அசனத்தில் ஒன்றாக உண்டவர்கள் கல்லறைத் தோட்டத்தில் தனித்தனியே கிடக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. கல்யாணப் பேச்சில் சாதிச் சங்கப் பெயர் முதலில் வருகிறது. யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தவனுக்குப் பாதபடியில் இடமும் கொடுக்கும் சபையைக் கடிந்துகொள்கிறார். அந்த அதிகாரத்தை அசன நாளில் மட்டும் வாசித்தால் போதாது; அடக்க ஆராதனையிலும் வாசிக்க வேண்டும்.

4. பதவி

எருசலேமில் கூடிய முதல் சபையில் எழுந்த முதல் உள்பூசல் எதைப் பற்றியது? அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். பந்தியைப் பற்றியதுதான். அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு எழுந்தது. அப்போஸ்தலர்கள் சபையைக் கூட்டி, பொறுப்பாளர்களைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். சபை ஏழு பேரைத் தெரிந்தெடுத்தது. அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். யார் முறையிட்டார்களோ, பங்கிடும் அதிகாரம் அந்தப் பக்கத்தாரிடமே ஒப்படைக்கப்பட்டது. திருச்சபையின் முதல் தேர்தல் இப்படி நடந்தது. பதவியைப் பற்றிய கிறிஸ்தவ விழுமியம் இதைவிடத் தெளிவாக எங்கும் சொல்லப்படவில்லை.

இந்த அளவுகோலால் நம் சபையை அளந்து பார்ப்போம். தம்மிடம் பயின்ற உபதேசிமாரைக் குருக்களாக அபிஷேகம் செய்ய வேண்டும் என்பது ரேனியஸின் ஆசை. ஆயர்தான் அதைச் செய்ய வேண்டும் என்ற, தம்மை அனுப்பிய மிஷனரிச் சங்கத்தோடு அவர் முரண்பட்டு, 1835இல் நீக்கப்பட்டார். உபதேசிமார் அழைத்தபோது திரும்பி வந்து, 1838இல் பாளையங்கோட்டையிலேயே உயிர்விட்டார். 1849இல் கால்டுவெல் நாடார் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூல் அந்த மக்களைப் புண்படுத்தியது. தமிழுக்கு அவர் செய்த பெருந்தொண்டை நன்றியோடு நினைக்கும் நாம் இதையும் மறைக்கக் கூடாது. மிஷனரிகளின் அதிகாரப் போக்கும் இத்தகைய எழுத்தும் சேர்ந்து, 1857இல் நாசரேத் பக்கம் பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை தலைமையில் அந்நியர் இல்லாத ஒரு தனிச் சபையே பிரிந்துபோகக் காரணமாயின. மானத்தை மதிக்காத இடத்தில் மனிதர் நிலைப்பதில்லை.

பாடம் கற்றதற்கும் சான்றுகள் உண்டு. 1912இல் அசரியா ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயரானார். 1919இல் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர். மேலைநாட்டில் உண்டான பிரிவுகளை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டு, ஒன்றிணைய அழைத்தார்கள். 1932இல் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கிடைத்தபோது, அண்டை வீட்டாரிடமிருந்து நம்மைப் பிரிக்கும் சலுகை இது என்று அசரியா அதை எதிர்த்தார். 1945 புத்தாண்டு நாளில் அவர் மறைந்தார். அவர் உழைத்த ஐக்கியம், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக உருப்பெற்றது. அந்தத் திருச்சபை 1976இல் ஒரு பெண்ணைக் குருவாக அபிஷேகம் செய்தது. 2013இல் நந்தியால் பேராயத்துக்கு ஒரு பெண்ணைப் பேராயராக்கியது.

இன்று என்ன நடக்கிறது? பல சபைகள் சேர்ந்த சேகரத்தின் தேர்தல் என்றால் அணிகள், அணி என்றால் சாதி அல்லது குடும்பம். தேர்தல் முடிவு வழக்குமன்றத்தில் தீர்மானமாகிறது. காணிக்கைப் பணம் வக்கீல் கட்டணமாகப் போகிறது. பிடி அரிசி எடுத்துவைத்த ஒரு தாய் இந்தக் கணக்கைக் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? எதிர்காலம் உங்கள் கையில் இருப்பதால், மாணவர்களே, நான்கு காரியங்களை உங்களிடம் வெளிப்படையாகக் கேட்கிறேன்.

நிலத்தைப் பொறுத்து: சபையின் ஒரு சென்ட் நிலமும் விசுவாசிகளின் பொதுக்கூட்டத்துக்குத் தெரியாமல் விற்கப்படவோ குத்தகைக்குப் போகவோ கூடாது. காலி நிலம் இருந்தால், வீடற்றவர்களையும் முதியவர்களையும் ஆதரவற்ற பிள்ளைகளையும் முதலில் நினைக்க வேண்டும்.

அரிசியைப் பொறுத்து: ஒவ்வொரு சபையும் வரவு செலவைத் தமிழில் எழுதி, கோயில் வாசலில் எல்லோரும் வாசிக்கும்படி ஒட்ட வேண்டும். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஆராதனையின் முடிவில் உரக்க வாசிக்கவும் வேண்டும்.

பந்தியைப் பொறுத்து: ஒரே சபைக்கு ஒரே கல்லறைத் தோட்டம், அதில் இறந்த வரிசைப்படி இடம். இதை அந்தந்தச் சபையே தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். அரசாணைக்காகக் காத்திருப்பது நமக்கு அழகல்ல.

பதவியைப் பொறுத்து: சேகர மன்றத்தில் தலித் விசுவாசிகளுக்கும் பெண்களுக்கும் வாலிபர்களுக்கும் உறுதியான இடம் வேண்டும். நிதிக்குழுவிலும் அவர்கள் இருக்க வேண்டும். எருசலேம் சபை பணமும் பங்கீடும் சேர்ந்த பொறுப்பையே முறையிட்டவர்களிடம் கொடுத்தது. அலங்காரப் பதவி கொடுத்து அனுப்பிவிடவில்லை.

இவற்றில் எதற்கும் வெளிநாட்டுப் பணம் வேண்டாம், புதிய இறையியல் வேண்டாம், மேலிடத்து உத்தரவும் வேண்டாம். துன்பப்பட்ட சில குடும்பங்களைக் குடிவைக்க நிலம் வாங்கி முதலூரைக் கண்டவர்கள், எழுத்தறிவே அரிதாக இருந்த காலத்தில், இவற்றைவிடக் கடினமான காரியங்களைச் செய்து முடித்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பட்டம் பெற்றிருக்கிறார்கள், பதவி வகிக்கிறார்கள், சட்டம் தெரிந்திருக்கிறார்கள். ஆகையால் நம்மிடம் கேட்கப்படுவது அதிகம். அடுத்த சேகர மன்றக் கூட்டத்தில் இந்த நான்கு தீர்மானங்களில் ஒன்றையாவது எழுத்தில் கொண்டுபோங்கள். தோற்றால் அடுத்த ஆண்டும் கொண்டுபோங்கள். நிறைவேறும்வரை விடாதீர்கள்.